ஆள் குறைந்த ஊருக்கு அரசு வேண்டாமா?

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே எழும் கல்வராயன் மலைமீதும் அதன் அடிவாரத்துச் சிற்றூர்களிலும் இளையவர்கள் பிழைப்புத் தேடி வெளியேற, முதியவர்களும் பேரக்குழந்தைகளுமே வீட்டுக் காவலாக எஞ்சுவதைக் காணும் படித்த வர்க்கத்தார் பலர், இந்நாளில் ஓர் அபிப்பிராயத்தை ஏறக்குறைய ஒரு சித்தாந்தமாகவே வரித்துக்கொண்டிருக்கிறார்கள். இத்தகைய ஊர்களுக்கு ஆயுள் முடிந்துவிட்டது. இவற்றுக்குப் பொதுப்பணம் செலவிடுவது வீண். எஞ்சியிருப்பவர்களைப் படிப்படியாகக் கீழே இறக்கி நகரங்களோடு சேர்த்துவிடுவதே புத்திசாலித்தனம் என்பது அந்தச் சித்தாந்தம். அலுவலகக் குறிப்புகளிலும், பத்திரிகைப் பத்திகளிலும், ரயில் பயணத்துச் சம்பாஷணைகளிலும் இது எதிர்ப்பாரின்றி உலவுகிறது.

இதன் வலுவைக் குறைத்துக் கூற நான் விரும்பவில்லை. 2020-ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்குப்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குப் பிறக்கும் குழந்தைகளின் சராசரி 1.4, ஜனத்தொகை நிலைத்து நிற்க 2.1 வேண்டும். அறுபது வயதை எட்டியவர்களும் கடந்தவர்களும் 2021-ல் 13.6 சதவீதம் என்றும், 2031-ல் 18.2 சதவீதமாவார்கள் என்றும் மத்திய அரசின் மதிப்பீடு கூறுகிறது. அண்டையிலுள்ள கேரளத்தில் பத்தனம்திட்டா, இடுக்கி ஆகிய இரு மாவட்டங்களின் ஜனத்தொகை 2011-லேயே முந்திய கணக்கைவிடக் குறைந்துபோயிருந்தது. தமிழ்நாட்டில் 2019-ல் மாணவரே இல்லாத 46 அரசுப் பள்ளிகள் நூலகங்களாக மாற்றப்பட்டன. நிலைமை இவ்வாறிருக்க, பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, முப்பது வீட்டுக்கு ஒரு பேருந்து, நாற்பது கிழவர்களுக்கு ஒரு செவிலி என்று கைப்பணத்தை மலைமேல் சிதறவிடுவதைவிட, அதே பணத்தைத் திரட்டி ஓரிடத்தில் நல்ல பள்ளியும் நல்ல ஆஸ்பத்திரியும் கட்டி அனைவரையும் அங்கே வரச் செய்வது மேலன்றோ என்று அவர்கள் வினவுகிறார்கள். வினவுகிறவர்களுள் கல்நெஞ்சர் அதிகம் இல்லை. பெரும்பாலோர் கருணையோடுதான் பேசுகிறார்கள். கருணையோடு பேசுவதால்தான் இந்த வாதம் கேட்பார் காதில் தடையின்றி ஏறுகிறது. ஆதலால்தான் இதனை அங்கம் அங்கமாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1. எந்தக் கணக்கை வைத்துக்கொண்டு இவர்கள் ஊர் தேய்கிறது என்கிறார்கள்? இத்தேசத்தில் முழுமையாக வெளிவந்த கடைசி ஜனத்தொகைக் கணக்கு 2011-ஆம் ஆண்டினுடையது. 2021-ல் எடுத்திருக்க வேண்டிய கணக்கு அந்த ஆண்டில் எடுக்கப்படவில்லை. பதினைந்து வருஷத்துக்கு முந்திய ஏட்டையும், ஏதோ ஒரு மாதத்தின் பள்ளி வருகைப் பதிவேட்டையும் அருகருகே வைத்துக்கொண்டு ஓர் ஊரின் மரணத்தை முன்கூட்டியே அறிவிப்பது சாஸ்திரமாகாது. கல்வராயன் மலையில் நிகழ்வது என்னவென்றால், மானாவாரிச் சாமையும் மற்ற வேலைகளும் ஓய்ந்ததும் மிளகு பறிக்கவும் காப்பிப் பழம் எடுக்கவும் கேரளத்துக்கும் குடகுக்கும், கட்டட வேலைக்குப் பெங்களூருக்கும், பனியன் கம்பெனிக்குத் திருப்பூருக்கும் குடும்பங்கள் கிளம்பிவிடுகின்றன. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பாட்டி இல்லாத வீட்டில் பிள்ளையும் கூடவே போகிறது. நெடுநாள் வராத பிள்ளையின் பெயர் பதிவேட்டில் அடிபடுகிறது. மழைக்குத் திரும்பி வரும் குடும்பத்தை ஊரை விட்டுப்போன குடும்பமாக எழுதிக்கொள்வதும், அந்த எழுத்தையே ஆதாரமாகக் காட்டிப் பள்ளியில் ஆள் இல்லை என்பதும் ஒரே கையின் வேலை. மலையின் நோய் ஜீவனோபாயம் இன்மை. அதற்கு ஜனத்தொகை க்ஷீணம் என்று பெயரிட்டால், கொடுக்கும் மருந்தும் தவறாகத்தான் இருக்கும்.

2. ஊர் தேய்வது இயற்கையின் விதி என்கிறார்களே, இந்த மலையில் இயற்கை தனியாக வேலை செய்த காலம் ஒன்று உண்டா? கல்வராயன் மலை தலைமுறை தலைமுறையாகச் சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்னும் மூன்று ஜாகீர்தார்களின் கீழ் இருந்தது. தேசம் சுதந்திரமடைந்தது, குடியரசாயிற்று, ஐந்தாண்டுத் திட்டங்கள் வந்தன, இனாம் எஸ்டேட்டுகளை ஒழிக்கும் சட்டமும் 1963-ல் பிறந்தது, எனினும் 1976-ல்தான் இம்மலை ஜாகீர்தார்களின் கையிலிருந்து அரசின் கைக்கு வந்து சேர்ந்தது. சமவெளியின் கிராமங்களுக்குப் பள்ளியும் பாதையும் மின்சாரமும் வந்துகொண்டிருந்த அந்த முப்பது வருஷமும் மலைக்கு வெறும் காத்திருப்பாகவே கழிந்தது. பழங்குடியினர் பிரதேசங்களுக்கு அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணை அளிக்கும் பாதுகாப்பு தமிழ்நாட்டின் எந்த மலைக்கும் கிடையாது. ஆகையால் அத்தகைய பிரதேசங்களின் கிராம சபைகளுக்கு விசேஷ அதிகாரம் தரும் 1996-ஆம் ஆண்டுச் சட்டமும் இங்கே செல்லாது.

வன உரிமைச் சட்டத்தின் கதை இன்னும் விபரீதமானது. 2006-ல் பாராளுமன்றம் இயற்றிய இச்சட்டத்தின்படி உரிமைப் பத்திரம் வழங்குவதற்குமுன் நீதிமன்றத்தின் அனுமதி பெறவேண்டும் என்று 2008-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஓர் இடைக்கால உத்தரவு இட்டது. அது விலகியது 2016-ல், உச்ச நீதிமன்றத்தில். வேறு ராஜ்யங்களில் லக்ஷக்கணக்கானோர் பத்திரம் வாங்கிக்கொண்டிருந்த எட்டு வருஷங்கள் தமிழ்நாட்டு மலைவாசிக்கு இல்லாமற்போயின. பாட்டன் திருத்திய காட்டுக்கொல்லைக்குப் பத்திரம் இல்லாதவன் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்க முடியாது. கிணறு வெட்டக் கடன் இல்லை. பயிர் போனால் நிவாரணமும் இல்லை. அவன் மரவள்ளி நட வியாபாரியிடம் முன்பணம் வாங்கி, வியாபாரி சொன்ன விலைக்கே கிழங்கைக் கொடுத்துவிட்டு, கடன் தீர்க்கக் குடகுக்குப் போகிறான். இதே சட்டத்தின் மூன்றாம் பிரிவில், கிராம சபை பரிந்துரைத்தால், ஒவ்வொரு காரியத்துக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், பாதைக்கும் பள்ளிக்கும் மருந்தகத்துக்கும் ரேஷன் கடைக்கும் எடுத்துக்கொள்ளலாம் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. வழி சட்டத்தில் இருக்க, பாதை போட வனத்துறை விடவில்லை என்று ஒரு துறையும், எங்களிடம் முறையாகக் கேட்கவில்லை என்று மற்றொரு துறையும் சொல்லிக்கொண்டிருந்தால், நோயாளியை டோலி கட்டித் தூக்கி இறங்குகிறவர்கள் எந்தத் துறையின் இயற்கையை நொந்துகொள்வது? காலைக் கட்டிப்போட்டவனே, நடவாத காலுக்குச் செருப்பு எதற்கு என்று கேட்கிற நியாயம் இது.

3. அவர்களே விரும்பித்தானே போகிறார்கள் என்பது அடுத்த வாதம். விருப்பம் என்ற சொல்லை இவ்வளவு மலிவாகச் செலவிடக் கூடாது. 2015 ஏப்ரலில் ஆந்திரத்துச் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனவர்கள் என்று சொல்லி 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்கள் அனைவரும் தமிழர்கள். பெரும்பாலோர் இந்த மலையைச் சூழ்ந்த திருவண்ணாமலை, தர்மபுரி, சேலம் மாவட்டத்து ஏழைகள். கல்வராயன் மலையிலிருந்தும் அதே காட்டுக்கு ஆட்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரத்துக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டபோது, மலைமேல் ஊறல் போடுவதைப் பற்றித் தேசமெல்லாம் பேசியது. அதன் பிறகுதான் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலைவாசிகளின் நிலையைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டு, பாதையும் பள்ளியும் மருத்துவமும் ஏன் இல்லை என்று அரசைக் கேட்டது. கூலி வேலை, செம்மரம், சாராயம் ஆகிய மூன்றையும் எதிரே வைத்து ஒன்றை எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு, எடுத்ததை அவனுடைய விருப்பம் என்று குறித்துக்கொள்வது தர்மமன்று. ஊரிலேயே மூன்று வேளைச் சோறும் கௌரவமும் கிடைத்தும் ஒருவன் நகரத்துக்குப் போனால், அதை விருப்பம் என்று ஒப்புக்கொள்ள எனக்கு ஆட்சேபம் இல்லை; அவனைத் தடுக்கவும் எவருக்கும் உரிமை இல்லை.

4. சிக்கனம் என்கிறார்கள். யாருக்குச் சிக்கனம்? பத்துப் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியை மூடினால் அரசின் கணக்கில் ஓர் ஆசிரியரின் சம்பளம் மிச்சமாகிறது. மூடியதன் செலவு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. ஆறு வயதுக் குழந்தை காட்டுப்பாதையில் அடுத்த ஊருக்கு நடக்க வேண்டும்; மழைநாளில் ஓடை பெருகினால் நின்றுவிட வேண்டும். தாய் ஒரு வாரம் பொறுப்பாள், ஒரு பருவம் பொறுப்பாள். பிறகு கள்ளக்குறிச்சியிலோ சங்கராபுரத்திலோ ஓர் அறையை வாடகைக்குப் பிடித்துப் பிள்ளைகளோடு இறங்கிவிடுவாள். நாலு வீடு பூட்டிக் கிடந்தால் பேருந்துக்கு வசூல் இல்லை என்று நடை குறையும். நடை குறைந்தால் செவிலி வாரத்துக்கு ஒரு முறை வந்தவள் மாதத்துக்கு ஒரு முறை வருவாள். கடைசியில் ரேஷன் கடை பகுதிநேரமாகும். எஞ்சியிருப்பவர்களை எண்ணிப் பார்க்க அதிகாரி ஒருவர் அப்போது வருவார். ஆள் இல்லை என்று எழுதிக்கொண்டு போவார். தம் ஆணையால் விளைந்த பலனைத் தம் ஆணைக்கே சாட்சியாகக் கொள்ளும் இந்த யுக்தி எந்த நீதிமன்றத்திலும் செல்லாது; நிர்வாகத்தில் மட்டும் செல்லுபடியாகிறது.

ஓர் ஆட்சேபத்தை இங்கே மதித்துப் பதில் சொல்ல வேண்டும். ஐந்து வகுப்பையும் ஒரே ஆசிரியர் ஒரே அறையில் நடத்துவது கல்வியாகுமா என்கிறார்கள். ஆசிரியர் ஒருவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு மறந்துபோனால் ஆகாதுதான். ஆனால் இந்தக் கேள்விக்கு விடையை நடைமுறையில் காட்டிய ராஜ்யம் தமிழ்நாடே என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஆந்திரத்து ரிஷிவேலியைச் சுற்றியிருந்த ஓராசிரியர் கிராமப் பள்ளிகளில், பல வகுப்புப் பிள்ளைகள் அட்டைகளைக் கொண்டு அவரவர் வேகத்தில் ஒரே அறையில் பயிலும் முறை உருவாயிற்று. அதைப் பார்த்துவந்து சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-ல் தொடங்கி, 2007-08-ல் தமிழ்நாட்டின் அரசு தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் செயல்வழிக் கற்றல் என்று பரப்பினார்கள். சிறிய பள்ளிக்கென்றே பிறந்த முறையைப் பெரிய பள்ளிகளுக்கெல்லாம் கொடுத்த நாம், சிறிய பள்ளியில் பாடம் நடத்த முறை இல்லை என்கிறோம்! இரண்டாவது ஆசிரியரை நியமிப்பதும், அவர் மலையில் தங்க ஒரு வீடு கட்டிக் கொடுப்பதும்தான் பாக்கி. ஆசிரியர் தங்காத பள்ளிக்குப் பிள்ளை வராது. இதை அறிய ஆராய்ச்சி தேவையில்லை.

மலைமேல் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றனவே என்பார்கள். எட்டாவது பத்தாவது படிக்கிற பிள்ளைக்கு அவை பேருதவி. ஒன்றாம் வகுப்புக் குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்து விடுதியில் சேர்த்தால்தான் எழுத்தறிவு கிடைக்கும் என்றால், அந்த நிபந்தனையை நகரத்துப் பெற்றோர் எவர்மீதாவது நாம் விதிப்போமா? கிராமந்தோறும் எட்டக்கூடிய தூரத்தில் தொடக்கப் பள்ளி என்று காமராஜர் ஆட்சி பள்ளிகளைத் திறந்துகொண்டே போனபோது, பிள்ளைகள் ஏற்கனவே வந்து வரிசையில் நின்றுகொண்டிருக்கவில்லை. பள்ளி முதலில் வந்தது. பிள்ளைகள் பிறகு வந்தார்கள்.

5. முதியோர் பாரமாம். இந்த ஊர்களில் பாரத்தைத் தாங்குகிறவர்கள் யார் என்று யாரேனும் ஒரு நாள் தங்கிப் பார்த்தால் இந்தச் சொல் வாயில் வராது. மகனும் மருமகளும் மிளகுத் தோட்டத்தில் இருக்கையில் பேரனைப் பள்ளிக்கு அனுப்புகிறவள் கிழவி. ஆட்டை ஓட்டுகிறவர், கடுக்காய் பொறுக்குகிறவர், சாமை விதையை அடுத்த பருவத்துக்குப் பத்திரப்படுத்துகிறவர் எல்லாம் அறுபதைக் கடந்தவர்களே. இவர்கள் இருப்பதால்தான் வெளியே போனவன் திரும்பி வருவதற்கு ஒரு வீடு இருக்கிறது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கொடுத்துக் கொண்டாடினோம். அந்தத் தொழிலைக் காத்துக்கொடுத்தவை முதியவர்களின் கைகள் அல்லவா? இத்தகையவர்களுக்கு 2023-ல் நாம் நிர்ணயித்த உதவித்தொகை மாதம் 1200 ரூபாய். அதில் அறுபதிலிருந்து எழுபத்தொன்பது வயதுவரை மத்திய அரசின் பங்கு 200 ரூபாய். அந்தப் பங்கு 2007 முதல் ஒரு காசும் ஏறவில்லை. பாரம் என்று சொல்லுமுன் தராசைக் கொஞ்சம் சரிபார்க்கலாம்.

முதியவர்களிலிருந்தும் குழந்தைகளிலிருந்தும் தொடங்கி ஓர் ஊரைக் கட்டியெழுப்ப முடியுமா என்பதே உண்மையான கேள்வி. முடியும் என்பதற்கு இரண்டு சாட்சிகளைக் கூறுகிறேன். ஒன்று கடல் கடந்தது, மற்றொன்று இதே மலையின் மறுபக்கத்தது. ஜப்பானில் இவாத்தே பிரதேசத்துச் சவாவுச்சி என்னும் கிராமம், குளிர்காலத்தில் பனியால் மூடுண்டு, ஏழ்மையில் அமிழ்ந்து, ஆயிரம் குழந்தை பிறந்தால் எழுபதை ஒட்டி இறந்துகொண்டிருந்த ஊர். 1957-ல் அதன் தலைவராக வந்த புக்காசவா மசாவோ, செவிலிகளை வீடு வீடாக அனுப்பி, 1960-ல் அறுபத்தைந்து வயது கடந்தோருக்கும் அடுத்த ஆண்டில் அறுபது கடந்தோருக்கும் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் வைத்தியத்தை இலவசமாக்கினார். சட்டத்துக்கு மாறானது என்று மேலதிகாரிகள் ஆட்சேபித்தபோது, அரசியலமைப்புக்கு மாறானதன்று என்று பதில் சொன்னார். 1962-ல் அவ்வூரில் ஒரு குழந்தையும் இறக்கவில்லை. ஜப்பான் தேசத்தில் எந்தக் கிராமமும் அதற்குமுன் அந்த நிலையை எட்டியதில்லை. முதியோருக்கு இலவச வைத்தியம் தேசம் முழுமைக்கும் வந்தது 1973-ல். சவாவுச்சியின் ஜனத்தொகை பெருகிற்று என்று நான் சொல்லவில்லை, பெருகவில்லை, 2005-ல் அது பக்கத்து ஊரோடு இணைக்கவும்பட்டது. இருந்த மனிதர்கள் இருந்தவரை மனிதர்களாக வாழ்ந்தார்கள். ஓர் அரசின் கடமையில் இதைவிடப் பெரிய பங்கு எது?

கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையே, தர்மபுரி மாவட்டத்தில், சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே வாழ்வோரில் பெரும்பாலோர், கல்வராயன் மலையில் வாழும் அதே மலையாளிப் பழங்குடியினர். 1993-ல் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் அங்கே போய்ச் சேர்ந்தபோது, குழந்தை மரணம் ஆயிரத்துக்கு 147 என்ற கணக்கில் இருந்தது. ஆஸ்பத்திரி என்றால் நாற்பத்தெட்டு கிலோமீட்டர் போக வேண்டும். ஒரு குடிசையில் வைத்தியம் தொடங்கினார்கள். பட்டணத்துச் செவிலிகள் வரமாட்டார்கள் என்று கண்டு, உள்ளூர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்துச் செவிலியராக்கினார்கள். ஊர்களுக்குச் சென்று நலம் விசாரிக்கும் வேலையையும் உள்ளூர்ப் பெண்களிடமே ஒப்படைத்தார்கள். குழந்தை மரணம் இருபதை ஒட்டி இறங்கிற்று. வைத்தியத்தோடு அது நிற்கவில்லை. நிலத்தில் கட்டுப்படியாகாமல் ஜனங்கள் வெளியேறுவதைக் கண்டு, இயற்கை விவசாயிகளின் சங்கம் ஒன்று உருவாகிச் சிறுதானியத்தையும் மஞ்சளையும் உழுதவர்களே பக்குவப்படுத்தி விற்கலாயினர். லம்பாடிப் பெண்களின் மறைந்துபோகவிருந்த தையல் வேலை ‘பொற்கை’ என்ற பெயரில் வருமானமாயிற்று. வெளியே போனவர்களுள் சிலர் திரும்பி வந்தார்கள். ஆள் சேர்ந்த பிறகு ஆஸ்பத்திரி வரட்டும் என்று அவர்கள் காத்திருந்தால் இன்று சொல்வதற்கு ஒன்றும் இராது. இத்தகைய தம்பதிகள் மலைக்கு ஒருவர் அகப்படமாட்டார்கள் என்று ஒரு சமாதானம் சொல்வதுண்டு. அகப்படமாட்டார்கள்தான். ஆனால் இருவர் குடிசையில் தொடங்கிச் செய்ததை, மாவட்டத் தலைநகரில் மருத்துவக் கல்லூரியே வைத்திருக்கும் அரசு செய்ய இயலாது என்பதற்கு அது எப்படி நியாயமாகும்?

6. இந்தச் சித்தாந்தத்துக்கு எதிர்க்கட்சி போலத் தோன்றும் இரண்டு யோசனைகளையும் தள்ளிவிட வேண்டும். ஒன்று, அதிகம் பிள்ளை பெறுங்கள் என்பது. தொகுதி மறுவரையறையில் தென்னாட்டின் இடங்கள் குறையும் என்ற நியாயமான அச்சத்தில், 2024 அக்டோபரில் ஆந்திர முதலமைச்சரும் தமிழ்நாட்டு முதலமைச்சரும் அடுத்தடுத்து அந்த ராகத்தைப் பாடினார்கள். பாராளுமன்ற இடத்துக்காகப் பிறக்கும் குழந்தை கல்வராயன் மலையின் சேராப்பட்டிலோ இன்னாட்டிலோ தங்கும் என்று யார் உத்தரவாதம் தருவது? பிரசவத்துக்கு வண்டி ஏறி வராத ஊரில் பெண்களுக்கு இந்த உபதேசம் செய்வதில் கொஞ்சம் கூச்சமாவது வேண்டும். மற்றொன்று சுற்றுலா. கோடை விழா நடக்கட்டும், அருவி பார்க்க வரட்டும். இரண்டு நாள் வருகிறவரின் வாகனத்துக்காகப் பாதை போட்டுவிட்டு, வருஷமெல்லாம் அங்கே வசிப்பவனை அறை துடைக்கும் வேலைக்கு அமர்த்துவதை ஊர் புனருத்தாரணம் என்று மட்டும் சொல்லாதிருந்தால் போதும்.

தலைகளை எண்ணி வசதிகளைப் பங்கிடும் வழக்கம் கணக்குப் பிள்ளைக்குச் சௌகரியமானது; குடியுரிமை என்பது தலை எண்ணிக்கைக்குத் தக்கபடி சுருங்கி விரியும் வஸ்துவன்று. முப்பது வீட்டு ஊரில் இருப்பவன் முப்பதில் ஒரு பங்கு குடிமகன் அல்லன். ஆகவே, பள்ளியை இணைப்பதோ பேருந்தை நிறுத்துவதோ எதுவாயினும், அந்த ஊரின் கிராம சபையில் காரணத்தை வாய்விட்டுப் படித்து, அவர்கள் சம்மதம் எழுதிய பிறகே செய்யலாம் என்று விதி வகுக்க வேண்டும். வன உரிமைப் பத்திரங்கள் தனியாருக்கும் ஊர்ச் சமூகத்துக்கும் தேங்காமல் கிடைக்க வேண்டும். மலையில் பிறந்த பெண்கள் மலையிலேயே செவிலியாகவும் ஆசிரியையாகவும் அமர, தனி ஒதுக்கீடும் குடியிருப்பும் வேண்டும். இவற்றில் ஒன்றுக்கும் புதிய ஞானம் தேவையில்லை.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் 2021 அக்டோபரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் ஐந்து வருஷம். அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டுக் கல்வராயன் மலையின் வெள்ளிமலைக்கு ஏறி வருகிறவர் எக்கட்சியினர் ஆனாலும், எங்கள் ஊர்ப் பள்ளியை மூட வந்தால் கையெழுத்துப் போடுவீரா மாட்டீரா என்று கேளுங்கள். பதில் சொல்லாதவருக்கு ஓட்டுப் போடாதீர்கள்.